எந்தக் கலர்ல வேணும்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில்
மைதீன்பிச்சை கடை வாசலை மறைத்துத் தொங்குகின்றன
கிணற்றுக்கும் கன்றுக்கும் ஆட்டுக்கும் ஊஞ்சலுக்குமான கயிறுகள்.
நாய்க்கு என்றதும்
ஸ்டூல் போட்டு ஏறினார்.

சங்கிலி வேண்டாம், அது குரைப்பைத்தான் வளர்க்கும்.
நைலான் உள்ளங்கையைத் தீய்க்கும்.
தோல்வாரை ஒரு வாரத்தில் தின்று தீர்க்கும்.
பொத்தானை அமுக்கினால் நீளுமே, அது
லாரி வரும்போது பார்த்துத்தான் சிக்கும்.
"நாடா வாங்குங்க. ஆறடி.
அதுக்கு மேல போனா நாய் ஒங்களுது இல்ல.
அதுக்குக் கொறஞ்சா அது நாயே இல்ல."
கொக்கியை என் காதோரம் திறந்து மூடிக் காட்டினார்.
டிக்.
பித்தளைதான்.

"என்ன சாதி?"
நாட்டுநாய்தான். அப்பன் கொஞ்சம்
சிப்பிப்பாறையாக இருக்கலாம்.
"பேரு?"
மிச்சர்.
அவர் சிரிக்கவில்லை.

மஞ்சளும் சிவப்பும் ஓடிய ஒன்றைத் தொட்டேன்.
இருட்டிலும் தெரியும், நல்லது.
"அது வேண்டாம் டீச்சர்."
பச்சையை உருவினேன்.
"எந்தத் தெரு வழியா நடப்பிய?"
சொன்னேன்.
"அப்ப அதுவும் வேண்டாம்."
நீலத்துக்கு நான் வாயெடுக்கும் முன்பே
தலையை ஆட்டிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் என் மேசையின் இரண்டாம் டிராயரில்
ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது.
திங்கட்கிழமை தோறும்
ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு
மணிக்கட்டுகளை நீட்டச் சொல்வேன்.
அறுத்த கயிறுகள் ஒரு ஜாடியில் கிடக்கின்றன.
கணக்கு வாத்தியார் தவசிக்கனி அதை
அட்லஸ் என்பார்.
எந்தத் தெருவில் யார் வீடு என்று
அதைப் பார்த்தே சொல்லிவிடலாமாம்.

கடைசியில் சாம்பல் கிடைத்தது.
"இது யாருக்கும் இல்ல" என்றார்.
கட்டித் தரும்போது கொஞ்சம் யோசித்து
"இன்னைக்கு வரைக்கும்."
நூற்றி எண்பது ரூபாய்.

மிச்சர் அதை மோந்து பார்த்து
ஒரு தும்மல் போட்டான்.
கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழைகிறதா பார்த்துவிட்டு
இறங்கினோம்.
ஆனிக் காற்று
புழுதியை எங்களுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டு போனது.

முதல் கரண்டுக் கம்பத்தில் இடுப்பளவுக்குப் பெயிண்ட்.
காலைத் தூக்கினான்.
அடுத்த தெருவில் வேறு பெயிண்ட்.
அதற்கும் தூக்கினான்.
மூன்றாவதில் உள்ளே சொட்டு இல்லை,
ஆனாலும் தூக்கினான்
ஒரு மரியாதைக்கு.

பாளையங்கால்வாய்க் கரையில் மயில் நின்றது.
அவனுக்கு அப்பன் சிப்பிப்பாறைதான் என்பது
அந்த நொடியில் எனக்கு உறுதியானது.
மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன்.
தோள் முதலில் போனது, பிறகு செருப்பு,
பிறகு நான் முட்டியில்.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து
கயிற்றை மிதித்து நிறுத்தினான் இசக்கிராஜ்.
போன திங்கள் என் முன்னால்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையை நீட்டியவன்.

"மணிக்கட்டுல சுத்தாதிங்க டீச்சர்.
இழுத்துச்சுன்னா பிசகிரும்.
பெருவெரல்ல மாட்டி
மிச்சத்த மடிச்சுப் பிடிச்சுக்கிடணும்.
எங்க கெடாவ அப்படித்தான் கூட்டிட்டுப் போவோம்."

சொல்லி முடித்த பிறகுதான்
அது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

அவன் கையில் கயிறு இருந்த இடம் மட்டும்
வெளுத்துக் கிடந்தது.
என் கையில் அதே இடம் சிவந்து.
அவன் தன் கையை டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இது என்ன கலர் டீச்சர்?"
சாம்பல்.
"அது தெரியுது."
சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பெருவிரலில் மாட்டி, மடித்துப் பிடித்தேன்.
கயிறு தொய்ந்து
தரையைத் தொட்டுத் தொட்டு வந்தது.
மிச்சர் மட்டும் வீடு வரைக்கும்
திரும்பித் திரும்பிப் பார்த்தான்
மயில் போன பக்கம்.